இடது மரையும் ஒரு ழகரமும்

ஒருவரைப் பெரிய புள்ளி என்று சொன்னால் அவருக்கு நிலபுலமோ தொழிற்சாலையோ, குறைந்தபட்சம் ஒரு தொப்பையோ இருக்க வேண்டும் என்று உலகம் எதிர்பார்க்கிறது. நம்மவருக்கு மூன்றும் இல்லை. அச்சகத்தின் பின்னறையில், காகிதக் கட்டுகளுக்கும் கழிவறைக் கதவுக்கும் நடுவே ஒரு மேசை, அதன்மேல் கழுத்து வளைந்த ஒரு விளக்கு, சிவப்பு மைப் பேனா ஒன்று. அவ்வளவுதான் அவருடைய ராஜ்ஜியம். அச்சுக்குப் போகும் பக்கங்களைப் படித்துப் பிழை திருத்துவது வேலை. மெய்யெழுத்தின் தலையில் புள்ளி வைக்க மறந்தவர்களை அவர் மன்னித்ததாக வரலாறு கிடையாது. அதனால் எந்திரம் ஓட்டுகிறவர்கள் அவருக்குப் 'பெரிய புள்ளி' என்று பெயர் வைத்தார்கள். கிண்டலுக்கு வைத்ததுதான். அவர் அதைப் பட்டமாக ஏற்றுக்கொண்டுவிட்டார். அதன்பிறகு அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அவருடைய துணிச்சலில் சந்தேகம் உள்ளவர்கள் அவருடைய கல்யாணத்தைப் பற்றி விசாரித்துப் பார்க்கலாம். பெண் வீட்டார் அச்சடித்த பத்திரிகையில் 'நிகழவிருக்கும் திருமணம்' என்பது 'நிகளவிருக்கும் திருமணம்' என்று வந்திருந்தது. சொந்தபந்தம் யாரும் கவனிக்கவில்லை. மாப்பிள்ளை மட்டும் ஆள் அனுப்பினார்: "நிகளவிருக்கிற கல்யாணத்துக்கு நான் வர மாட்டேன். நிகழறதா இருந்தா வரேன்." அத்தனை பத்திரிகையும் மறுபடி அச்சாயிற்று. சைக்கிளின் பின்னால் கட்டுகளைக் கட்டிக்கொண்டு வெயிலில் அச்சகத்துக்கும் வீட்டுக்கும் அலைந்தவன் பெண்ணின் தம்பி. ழகரத்தின் மேல் அவனுக்கு உண்டான பகை அன்று தொடங்கியது.

தம்பி வளர்ந்து மெக்கானிக் ஆனான். கடைத்தெருவின் கோடியில் சொந்தமாகப் பட்டறை போட்டான். வாசலில் நீல நிறத்தில் பெரிய போர்டு ஏறியது: 'இங்கு எல்லா வாகனங்களும் பளுது பார்க்கப்படும்.' திறப்பு விழா அன்று வந்தவர்கள் எல்லாரும் கை குலுக்கிக்கொண்டிருக்க, அத்தான் மட்டும் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

"பளுது இல்லை மாப்ளே. பழுது."

"அதைத்தான் அத்தான் எளுதியிருக்கேன்" என்றான் மைத்துனன். அவன் காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அன்றிலிருந்து அந்தத் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் பெரிய புள்ளி பட்டறைப் பக்கம் திரும்பாமல், எதிர்ப்பக்கச் சுவரைப் பார்த்தபடியே போவார். பல்லில் சிக்கிய பாக்குத் துணுக்கு மாதிரி அந்த ளகரம் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

இப்போது காருக்கு வருவோம். பெரிய புள்ளியின் மனைவி பல் டாக்டரிடம் உதவியாளர். வாயில் ஊறும் எச்சிலைக் குழாய் வைத்து உறிஞ்சுவது, பல் பிடுங்கும் கொறடு கேட்டால் எடுத்துக் கொடுப்பது, பயந்து எழுந்து ஓடப் பார்ப்பவர்களைத் தோளைப் பிடித்து நாற்காலியில் அமுக்குவது எல்லாம் அவள் பொறுப்பு. டாக்டர் புதுக் கார் வாங்கியபோது பழையதை இவர்களுக்குத் தள்ளிவிட்டார். டாக்டரைவிட ஓரிரண்டு வயதே இளைய வண்டி. ஆனாலும் கூடவே ஒரு தமிழ்க் கையேடு இருந்தது. டாக்டர் அதைத் திறந்ததே இல்லை. ஒட்டியிருந்த பக்கங்களைப் பிரித்தவர் பெரிய புள்ளிதான். காரில் ஏறி உட்காருவதற்கு முன்பே அட்டை முதல் அட்டை வரை அதைத் திருத்தி முடித்தார். 'எண்ணெய்' வருமிடமெல்லாம் 'என்னை' என்றிருந்தது. 'என்னையை அடிக்கடி மாற்றவும்' என்ற வரியைத் திருத்தும்போது மனைவி எட்டிப் பார்த்து, "அதை மட்டும் விட்டிருக்கலாம், நல்ல யோசனைதான்" என்றாள்.

நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு வரி: 'இடப்பக்கச் சக்கரத்தின் நட்டுகளை வலஞ்சுழியாகவும், வலப்பக்கச் சக்கரத்தின் நட்டுகளை இடஞ்சுழியாகவும் திருப்பிக் கழற்றுக.' பெரிய புள்ளி சிரித்துக்கொண்டார். ஒரே வண்டி, ஒரே மாதிரி நட்டு, இரண்டு திசையா? எழுத்துக் கோத்தவன் தூக்கக் கலக்கத்தில் இடத்தையும் வலத்தையும் குழப்பிவிட்டான். 'வலஞ்சுழியாகவும்' என்பதை ஒரு கோடு போட்டு அடித்தார். ஓரத்தில் 'இடஞ்சுழியாகவும்' என்று எழுதினார்.

உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. அந்தப் புத்தகத்தில் பிழையில்லாத வரிகள் மிகக் குறைவு. அவற்றில் ஒன்று அது. ஓடுகிற ஓட்டத்தில் இடப்பக்கத்து நட்டு தானாகக் கழன்றுவிடக் கூடாது என்று, அந்தக் காரைச் செய்தவர்கள் அந்தப் பக்கத்துக்கு மட்டும் மரையைத் திருப்பி வெட்டியிருந்தார்கள். பழைய வண்டிகள் சிலவற்றில் அப்படி உண்டு. பட்டறைக்காரர்கள் அதை இடது மரை என்பார்கள். உலகத்தில் மற்ற நட்டெல்லாம் கழலும் திசையில் திருப்பினால் அது இறுகும்.

கையேட்டோடு வந்த காரும் ஓடத்தான் செய்தது. தினமும் காலையில் மனைவியைப் பல் ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு அவர் அச்சகத்துக்குப் போவார். வீட்டில் பெரிய புள்ளி அதிகம் பேசுவதில்லை. கண்ணில் பட்டதையெல்லாம், சோப்பு உறை உட்பட, படித்துக்கொண்டிருப்பார். காரில் கண் சாலையை விட்டு நகரக் கூடாது. அதனால் வாய் சும்மா இருந்தது. அந்த வாய் மனைவிக்குக் கிடைத்தது. அவர்களுடைய குடும்ப வாழ்க்கையில் பேசித் தீர்த்த விஷயம் எல்லாம் அந்த முன்சீட்டில் தீர்த்ததுதான்.

அந்தக் கார் ஒருநாள் கத்த ஆரம்பித்தது. பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் முன்னால் இடப்பக்கத்திலிருந்து ஒரு கீச்சு. நாளுக்கு நாள் அது நீண்டு, கடைசியில் கடைத்தெருவே திரும்பிப் பார்க்கும் அளவுக்கு வளர்ந்தது. பெரிய புள்ளி வேறு வழியில்லாமல் பட்டறைக்குள் வண்டியை விட்டார். போர்டைப் பார்க்காமல் இருக்கத் தலையைக் குனிந்து ஓட்டியதில் ஒரு தகர டப்பாவை நசுக்கினார்.

மைத்துனன் சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, டாக்டர் நெஞ்சில் காது வைப்பதுபோல் தலையைச் சாய்த்தான்.

"பிரேக் ஷூ தேஞ்சு போச்சு அத்தான். விட்டுட்டுப் போங்க."

"எப்போ தருவே?"

"வேலை மலையா குவிஞ்சு கெடக்கு. பாக்கலாம்." எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான். "இல்லேன்னா ஒண்ணு பண்ணுங்க. வண்டியை எனக்கே குடுத்துடுங்க. இதை ஓட்டி என்ன செய்யப் போறீங்க? பிரிச்சுப் போட்டா பத்து வண்டிக்கு உதவும். அக்காவுக்குத்தான் வாசல்லயே பஸ் வருதே."

பட்டறையில் டயர்களின் மேல் உட்கார்ந்து காத்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். பெரிய புள்ளிக்குக் காது மடல் சூடாயிற்று. அப்போதுதான் வாயிலிருந்து அது வந்தது. முன்கூட்டியே யோசித்து வைத்ததில்லை.

"வேண்டாம். நானே மாத்திக்கிறேன்."

"எதை வச்சு?"

"புத்தகம் இருக்கு."

"புத்தகத்தைப் படிச்சுக் காட்டினா நட்டு பயந்து கீள விளுந்துடுமா?"

"கீழ. விழுந்துடுமா" என்று திருத்தினார் அத்தான். "பளுதுன்னு எழுதற கையில என் பிரேக்கைக் குடுக்க முடியாது மாப்ளே."

டயர்மேல் இருந்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். ஒரு மனிதனின் போர்டைத் தொட்டால் அது வேறு விஷயம். மைத்துனன் ஸ்பேனரைப் பெட்டிக்குள் சத்தம் வரும்படி போட்டான்.

"சரி. ஞாயித்துக்கிளமை விளக்கு வைக்கிறதுக்குள்ள நீங்களே ஷூவை மாத்தி, வண்டியை ஓட்டிக் காட்டுங்க. பட்டறை ஆள் யாரும் தொடக் கூடாது. காட்டிட்டா நீங்க சொல்ற மாதிரி போர்டை மாத்தி எளுதிடறேன். காட்டலைன்னா வண்டி எனக்கு."

"எழுதிடறேன்."

"என்னவோ ஒண்ணு. சம்மதமா?"

"சம்மதம்."

"அப்புறம் அத்தான், அந்த இடது பக்கத்து நட்டு இருக்கே, அது வந்து..."

"இடது எது வலது எதுன்னு எனக்கு நீ சொல்லித் தராதே."

"சொல்லலை" என்றான் மைத்துனன். அவன் முகத்தில் திடீரென்று ஒரு பெரிய நிம்மதி பரவியது. "நான் ஒண்ணுமே சொல்லலை."

"இருக்கட்டும்" என்றார் பெரிய புள்ளி.

இந்தச் சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பேச்சில் அவர் அதைப் பல்லைக் கடித்தபடி சொல்வார். உன்னைக் கவனித்துக்கொள்கிறேன் என்று பொருள். வேலையில் அதற்குப் பொருளே வேறு. அச்சிலிருந்த ஒரு சொல்லைத் தெரியாமல் அடித்துவிட்டால், அடித்த சொல்லின் கீழே வரிசையாகப் புள்ளிகள் வைத்து, ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுத வேண்டும். அச்சிட்டது சரி, திருத்தியவன் தப்பு என்று ஒப்புக்கொள்ளும் குறி அது. மற்றவர்களுடைய திருத்தங்களின் கீழே பெரிய புள்ளி அந்தப் புள்ளிகளைத் தாராளமாக வைத்திருக்கிறார். தன்னுடைய திருத்தத்தின் கீழே வைத்ததில்லை. அச்சகத்தில் சேர்ந்த நாளிலிருந்து ஒருமுறைகூட இல்லை.

மனைவி பந்தய விவரத்தைக் கேட்டுக்கொண்டே துவைத்த தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தாள். கடைசி உறையை மட்டும் தேவைக்கு மேல் மடித்தாள்.

"அந்த வண்டியில பாதி என்னோடதுன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"நீங்க உங்க பாதியை வச்சு ஆடியிருக்கலாம்."

"அவன் எப்படிப் பேசினான் தெரியுமா? பஸ்ல போகச் சொல்றான்."

"போயிடலாம். பஸ்ல பக்கத்துல யார் உக்காருவாங்க? நான் யார்கிட்ட பேசிட்டு வருவேன்?" அதற்கு மேல் அவள் விளக்கவில்லை. "தோத்தீங்கன்னா அந்த அரை மணி நேரத்தை நீங்க வீட்டுல தரணும். கையில பேப்பர் இல்லாம."

பெரிய புள்ளிக்கு அப்போதுதான் பந்தயத்தின் அளவு புரிந்தது. ஆனாலும் பின்வாங்குவது அவர் அகராதியில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, புது ஷூக்கள் இருந்த அட்டைப் பெட்டியையும் கையேட்டையும் சிவப்புப் பேனாவையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். பேனா எதற்கு என்று மனைவி கேட்கவில்லை. பெட்டியில் இரண்டு பக்கத்துக்கும் ஷூ இருந்தது. கடைக்காரர் ஜோடியாகத்தான் தருவாராம். பந்தயம் இடப்பக்கத்துக்கு மட்டும் என்பதால் வலப்பக்கத்து ஜோடியை அவர் தீண்டுவதாக இல்லை.

மாடி வீட்டில் குடியிருந்தவர் ஓய்வுபெற்ற இன்சூரன்ஸ் அதிகாரி. நாற்காலியைப் பால்கனியின் கம்பியோரமாக இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தித்தாளோடு உட்கார்ந்தார். ஆனால் பக்கம் திருப்புகிற சத்தம் கேட்கவில்லை.

"நீங்களே செய்யறீங்களா?"

"ஆமா."

"வண்டிக்குக் காப்பீடு இருக்கா?"

"இருக்கு."

"உங்களுக்கு?"

பெரிய புள்ளி நாற்பத்தோராம் பக்கத்தைத் திறந்து, காற்றில் புரளாமல் இருக்க அதன்மேல் ஒரு கல்லை வைத்தார். ஹேண்ட் பிரேக்கைப் போட்டார். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்தச் சொல்லியிருந்தது, அப்படியே செய்தார். தன் திருத்தப்படி, இடஞ்சுழியாக ஸ்பேனரை அழுத்தினார். நட்டு அசையவில்லை. துரு பிடித்திருக்கும் என்று எண்ணெய் விட்டார். புத்தகத்திலிருந்த 'என்னை' ஞாபகம் வந்து கொஞ்சம் தாராளமாகவே விட்டார். அசையவில்லை. காலால் மிதித்தார். ஸ்பேனர் நழுவிப் போய்க் கேட்டில் மோதியது.

"புது நட்டு போட்டுப் பாருங்களேன்" என்றது மாடி.

"பழசு கழண்டாத்தானே புதுசு போட முடியும்?"

"அதுவும் சரிதான்."

வீட்டுக்குப் பின்னால் கிடந்த பழைய தண்ணீர்க் குழாய் ஒன்றைக் கொண்டுவந்து ஸ்பேனரின் கைப்பிடியில் மாட்டினார். நீளம் கூடினால் பலம் கூடும். அதை எங்கோ அச்சில் படித்து, பிழையில்லை என்று அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார். குழாயின் நுனியில் ஏறி நின்று, காரின் கூரையைப் பிடித்துக்கொண்டு குதித்தார். நட்டு 'க்ரீச்' என்றது. பெரிய புள்ளியின் நெஞ்சு நிமிர்ந்தது. கழல்கிறது என்று நினைத்தார். பாவம், அது மூச்சுவிட இடமில்லாமல் முனகிய சத்தம். முதல் நட்டை அப்படி இறுக்கிவிட்டு இரண்டாவதற்குப் போனார். அது முடிந்து மூன்றாவது. ஐந்தும் ஒரே மாதிரி பிடிவாதம் பிடித்ததில் அவருக்கு மைத்துனன்மேல் சந்தேகம் வந்தது. முன்பு எப்போதோ டயர் மாற்றியபோது வேண்டுமென்றே இப்படி முறுக்கி வைத்திருக்கிறான்.

நடுப்பகலில் மைத்துனனே மோட்டார் சைக்கிளில் மெதுவாக வந்தான். இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு பார்த்தான்.

"சக்கரமே இன்னும் களட்டலையா?"

"கழட்டலையா."

"அதைத்தான் கேட்டேன். சாயங்காலம் கயிறோட வரேன் அத்தான். கட்டி இளுத்துட்டுப் போக."

"இருக்கட்டும்" என்றார் பெரிய புள்ளி, பல்லைக் கடித்தபடி.

மோட்டார் சைக்கிள் போனதும் அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். உள்ளங்கை இரண்டும் கன்றிப் போயிருந்தன. மனைவி தண்ணீர்ச் செம்போடு வந்து பக்கத்தில் நின்றாள். சக்கரத்தைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"மரை கழண்டுடுச்சா?"

"அதுதான் கழல மாட்டேங்குது."

"நான் நட்டைக் கேக்கலை."

அவர் தண்ணீரைக் குடித்தார். அவள் குனிந்து ஸ்பேனரைத் தொட்டுப் பார்த்தாள்.

"காலையிலேர்ந்து ஒரே பக்கமாவே அழுத்திட்டிருக்கீங்களா? எங்க டாக்டர் பல்லை அப்படி இழுக்க மாட்டார். வேர் முறிஞ்சிடும். கொறட்டால பிடிச்சு முதல்ல உள்ள கொஞ்சம், வெளிய கொஞ்சம்னு ஆட்டிப் பாப்பார். எந்தப் பக்கம் இளகுதோ அந்தப் பக்கம் போவார்."

"இது பல் இல்லை."

"பிடிவாதத்துல ரெண்டும் ஒண்ணுதான். ஆட்டிப் பாருங்க."

காலையிலிருந்து ஒருமுறைகூட இறுக்காமல் விட்டிருந்த நட்டு ஒன்றாவது மிச்சம் இருந்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். ஐந்தையும் அவர் கவனித்து முடித்திருந்தார். வேறு வழியில்லாமல் குழாயைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். இடஞ்சுழியில் கல். வலஞ்சுழியில், மிக மெல்ல, ஒரு நூலிழை நகர்ந்ததுபோல் இருந்தது. இன்னொரு முறை ஆட்டினார். நகர்ந்தது. அவர் முகம் விழுந்துவிட்டது. நட்டு கழன்றதற்காக முகம் வாடிய ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கும்.

"தப்பான பக்கம் நகருது" என்றார்.

"தப்பான பக்கம்னு யார் சொன்னது?"

மனைவி கல்லை எடுத்துவிட்டுக் கையேட்டைப் பார்த்தாள். சிவப்புக் கோட்டின் அடியில் 'வலஞ்சுழியாகவும்' என்ற சொல் தெளிவாகவே தெரிந்தது. பிழை திருத்துகிறவர்கள் அடிப்பது ஒற்றைக் கோடுதான். அடித்தது படிக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்பது விதி. இந்த விதி எவ்வளவு கொடுமையானது என்று பெரிய புள்ளிக்கு அன்றுதான் தெரிந்தது.

"அச்சுல சரியாத்தான் இருந்திருக்கு."

"ஒரே வாக்கியத்துல ரெண்டு திசை இருந்தா எவன் நம்புவான்?"

"நட்டு நம்புது."

"அப்படி இருக்க முடியாது. இது ஒரு நட்டோட கோளாறு."

இரண்டாவது நட்டில் மாட்டி ஆட்டினார். அதுவும் வலப்பக்கமாகவே இளகியது. மூன்றாவதை அவர் சோதிக்கவில்லை. தெருவைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் குழாயை வலப்பக்கமாக வளைக்கப் போனார். மனைவி ஸ்பேனரை உருவிக்கொண்டாள்.

"முதல்ல புத்தகத்தைச் சரி பண்ணுங்க."

"அப்புறம் பண்ணிக்கலாம். நேரம் ஆகுது."

"அப்புறம் பண்ண மாட்டீங்க. இது உங்க கையெழுத்து. நாளைக்கு இந்த வண்டி யார் கைக்குப் போகுமோ, அவன் இதை நம்பிக் குழாய்மேல ஏறிக் குதிப்பான். போல்ட் முறிஞ்சு நடுரோட்டுல சக்கரம் தனியா போகும்."

"வண்டி யார் கைக்கும் போகாது."

"அப்போ போடுங்க."

மாடியில் செய்தித்தாள் மடிக்கப்படும் சத்தம் கேட்டது. பெரிய புள்ளி பேனாவின் மூடியைத் திறந்தார். ஸ்பேனர் அவள் கையில் இருந்தது. வெயில் எதிர்வீட்டுச் சுவரில் பாதிக்கு மேல் ஏறிவிட்டிருந்தது. காரைத் தருவதா, புள்ளியைத் தருவதா என்ற இடத்தில் மனிதர் நின்றுகொண்டிருந்தார். குனிந்தார். அடித்த சொல்லின் கீழே ஒவ்வொன்றாகப் புள்ளிகள் வைத்தார். எல்லாம் ஒரே அளவு, ஒரே இடைவெளி. அதில் குறை வைக்க அவருக்குத் தெரியாது. ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதினார். பேனாவை மூடப் போனவர் நிதானித்து, அடைப்புக்குறிக்குள் இன்னொன்றும் சேர்த்தார்: 'தற்செயலாகச் சரி.'

மனைவி அதைப் படித்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஸ்பேனரைக் கொடுத்தாள்.

பிழையை ஒப்புக்கொள்வது வேறு, தானே இறுக்கியதைத் தளர்த்துவது வேறு. பெரிய புள்ளி காலை முழுவதும் செலுத்திய பலம் அத்தனையும் அந்த ஐந்து நட்டுகளுக்குள் வட்டியோடு உட்கார்ந்திருந்தது. அவர் மட்டும் ஏறி நின்றபோது குழாய் அசையவில்லை. மனைவி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டு தானும் ஏறினாள். நாற்காலியில் ஆட்களை அமுக்குகிற அனுபவம் அங்கே உதவியது. இரண்டு பேரும் ஒரே குழாயின் மேல், ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, சேர்ந்து குதித்தார்கள். அவர்களுடைய கல்யாண ஆல்பத்தில்கூட அவ்வளவு நெருக்கமான படம் கிடையாது. 'டக்' என்று ஒரு சத்தம். குழாய் தரையைத் தொட்டது.

"இதுக்கெல்லாம் காப்பீடு கிடையாது" என்று அறிவித்தது மாடி.

அதற்குப் பிறகு புத்தகம் சொன்னதை அவர் அப்படியே செய்தார். ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கினார், சக்கரத்தைக் கழற்றினார், ஷூவை மூடியிருந்த டிரம்மைச் சுத்தியலால் சுற்றித் தட்டி வெளியே எடுத்தார். உள்ளே ஷூ இரண்டும் கரும்பலகை துடைப்பான் மாதிரி தேய்ந்து, இரும்பு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. ஸ்பிரிங் ஒன்று கொறட்டிலிருந்து துள்ளி, செய்தித்தாளைத் துளைத்துக்கொண்டு மாடி அதிகாரியின் மடியில் விழுந்தது. அவர் அதைப் பத்திரமாகத் திருப்பிப் போட்டார்; பிறகு நாற்காலியை இரண்டடி பின்னால் தள்ளிக்கொண்டார். ஸ்பிரிங்கை எந்தத் துளையில் மாட்டுவது என்ற இடத்தில் புத்தகம் 'மேற்படி துளையில்' என்று மட்டும் சொன்னது. மேலே அப்படி எந்தத் துளையும் இல்லை. பெரிய புள்ளியின் கை சட்டைப் பையிலிருந்த பேனாவுக்குப் போயிற்று. நட்டுகளைப் பார்த்தார். கையை எடுத்துவிட்டார். கழற்றிய பழைய ஷூவைப் பக்கத்தில் வைத்து, அது எப்படி இருந்ததோ அப்படியே புதியதை மாட்டினார். ஐந்து நட்டையும் போடும்போது, இந்த முறை தெரிந்தே இடப்பக்கமாகத் திருப்பி இறுக்கினார். ஒவ்வொன்றும் இறுகியபோது அவருக்கு வாயில் கசப்பு வந்தது. ஆனாலும் இறுக்கினார்.

வீட்டில் விளக்கு எரிவதற்கு முன் மைத்துனன் தோளில் கயிற்றுச் சுருளோடு வந்தான். சக்கரம் அதன் இடத்தில் இருந்தது. பெரிய புள்ளி காரின் முன்சீட்டில், நெற்றியில் கிரீஸ் பூசி, நேராக உட்கார்ந்திருந்தார். மனைவி பின்சீட்டில்.

"ஏறு மாப்ளே."

"களட்டினீங்களா, சும்மா மூடி வச்சீங்களா?"

"ஏறிப் பாரு."

தெருமுனையில் ஒருமுறை மிதித்தார். கீச்சு இல்லை. சந்தையடியில் குறுக்கே வந்த ஆட்டோவுக்கு ஒருமுறை. கீச்சு இல்லை. மைத்துனன் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கடைத்தெருவின் இறக்கத்தில் வண்டியை வேகமாக விட்டு, பட்டறை வாசலில் அழுத்தி மிதித்தார். நீல போர்டைத் தாங்கிய கம்பத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கார் குத்திட்டு நின்றது. மைத்துனனின் கயிற்றுச் சுருள் டாஷ்போர்டின் மேல் போய் விழுந்தது.

"வண்டி இடது பக்கம் இளுக்குது அத்தான்" என்றான் அவன் கொஞ்சம் பொறுத்து. "ஒரு பக்கம் மட்டும் ஷூ மாத்தினா அப்படித்தான். வலதும் மாத்தணும்."

"ரோடு கோணல்."

மைத்துனன் அதை விட்டுவிட்டான். வேறு ஏதோ அவனைக் குடைந்துகொண்டிருந்தது. "அது இடது மரைன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க? எத்தனை பேர் தெரியாம முறுக்கி போல்ட்டையே உடைச்சிருக்கான் தெரியுமா? நான் அன்னைக்குச் சொல்ல வந்தேன், நீங்கதான் விடலை."

"புத்தகத்துல தெளிவா போட்டிருக்கு" என்றார் பெரிய புள்ளி.

பின்சீட்டில் ஒரு இருமல் கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை. மனைவி தம்பிக்கு அக்காதான். ஆனால் அந்தக் காரில் பாதி அவளுடையது.

தோற்றவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அந்த வாரமே பெயின்டர் ஏணியோடு வந்தார். மறுநாள் காலையில் கணவனும் மனைவியும் பல் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், திறப்பு விழாவுக்குப் பிறகு முதல்முறையாக, பெரிய புள்ளி பட்டறைப் போர்டின் பக்கம் தலையைத் திருப்பினார். திருப்பியவர் பிரேக்கை மிதித்தார்.

மைத்துனன் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். அவன் தலைக்கு மேலே, ஈரம் காயாத வெள்ளை எழுத்தில், முன்னைவிடப் பெரிதாக: 'இங்கு எல்லா வாகனங்கழும் பழுது பார்க்கப்படும்.'

"ளவையெல்லாம் ழவா போடச் சொல்லிட்டேன்" என்றான் அவன். "நீங்க ஒண்ணு கேட்டீங்க. ரெண்டா போட்டிருக்கேன் அத்தான்."

பெரிய புள்ளியின் உதடு அசைந்தது. சரியாக இருந்த ஒரு சொல்லைத் திருத்திக் கெடுத்திருக்கிறான் என்று சொல்ல வாயெடுத்தவர், பக்கத்து சீட்டில் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பித் தோள் குலுங்க உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். நாற்பத்தோராம் பக்கம் டாஷ்போர்டுப் பெட்டிக்குள், அவளுடைய முழங்காலுக்கு நேராக இருந்தது.

"எப்படி இருக்கு?" என்றான் மைத்துனன்.

பெரிய புள்ளி கியரைப் போட்டார். புறப்பட்டதும் குறுக்கே வந்த சைக்கிளுக்காகப் பிரேக்கை மிதித்தபோது வண்டி லேசாக இடப்பக்கம் இழுத்தது. இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் பிடித்துக்கொண்டார்.

"அந்த வலது பக்கத்தையாவது என்கிட்ட விடுங்க அத்தான்" என்று பின்னாலிருந்து மைத்துனன் கூப்பிட்டான். "அந்தப் பக்கம் எல்லாம் நேர் மரைதான். சீக்கிரம் முடிச்சுத் தரேன்."

பெரிய புள்ளி கண்ணாடியில் போர்டைப் பார்த்தார். பின்சீட்டில் மிச்ச ஷூக்கள் இருந்த அட்டைப் பெட்டி அப்படியே கிடந்தது.

"இருக்கட்டும்" என்றார்.

எந்தப் பொருளில் சொன்னார் என்று மனைவி கேட்டாள். அதைப் பேச அவர்களுக்கு ஆஸ்பத்திரி வரை நேரம் இருந்தது.